நங்கூரப் பொத்தான்கள்

என் சட்டையில் ஒன்பது பித்தளைப் பொத்தான்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம்.
எங்கள் நாட்டில் கடல் இல்லை.

சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும்.
பதினேழு ஆண்டுப் பணியில்
காத்திருக்கப் பழகிவிட்டேன்.

இருந்தது ஒரு காலத்தில்.
வெடியுப்புக்காகவும் பறவை எச்சத்துக்காகவும்
நடந்த போரில் தோற்றுக்
கரையைக் கொடுத்தோம்.
எண்பது சொச்சம் ஆண்டு கழித்து
மறுபடி ஒரு கடற்படை தொடங்கினோம்,
பிள்ளை செத்த வீட்டில்
தொட்டில் கட்டியதுபோல.

ஒவ்வொரு மார்ச்சிலும் லா பாஸ் தெருக்களில்
வெள்ளை உடுப்பில் அணிவகுக்கிறோம்,
வெளியூர்க்காரனுக்கு மூச்சு வாங்கும் உயரத்தில்.
பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கப்பலோடு நிற்பார்கள்.
அலை என்றால் என்னவென்று கேட்பார்கள்.
கையை ஏற்றி இறக்கிக் காட்டுவேன்,
நானும் பார்த்ததில்லை.
உப்பு மட்டும் உண்டு எங்களுக்கு,
கண் கூசும்வரை, அடிவானம்வரை உப்பு.
வலை இல்லை. சுறா இல்லை. தோணி வரும் திசை இல்லை.
உப்பும் இரங்கலும்.

பயிற்சிப் பள்ளியில் வரலாறு சொன்னார்கள்.
சாக்கோ முட்காட்டில் மூன்றாண்டுப் போர்,
தாகத்தில் செத்த சிப்பாய்கள்,
கிணறு தோண்டிக் கிணற்றுக்கே பலியானவர்கள்.
அதற்கு நாலு பக்கம்.
அதிபர் மாளிகைக்குள் எத்தனை முறை
நாமே புகுந்தோம் என்பதற்கு அரைப் பக்கம்.
சுரங்கக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது
பாடத்தில் வரவில்லை.

மமோரே ஆறு கரை மீறிய பிப்ரவரியில்
பதவி உயர்வு விழாவிலிருந்து
உடுப்பு மாற்றாமல் ஓடினோம்.
கால்பந்து மைதானத்தின்மேல் படகு விட்டேன்.
கோல் கம்பத்துக் குறுக்குச் சட்டத்தில்
வரிசையாகக் கோழிகள்.
பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் ஒருத்தி:
எவ்லோஹியா கோல்கே.
சுரங்கம் மூடியபின் மலையிறங்கி வந்தவள்.
எழுபதைத் தாண்டியிருக்கும்.

கை நீட்டினேன்.
அவள் கையைப் பார்க்கவில்லை,
பொத்தான்களைப் பார்த்தாள்.

"சிப்பாயா?"
"கடற்படை, அம்மா."
"எங்கள் தெருவுக்கு வந்தவர்களும்
ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
தம்பிக்குப் பதினாறு.
ஜூன் மாதம். விழாவுக்கு மூட்டிய நெருப்பு
அணையக்கூட இல்லை."

தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது.

நான் அப்போது பிறக்கவே இல்லை என்று
சொல்லியிருக்கலாம். உண்மைதான்.
ஆனால்
கடல் போனபோதும் நான் பிறக்கவில்லை.
அதற்கு மட்டும் ஆண்டுதோறும்
தெருவில் நின்று கலங்குகிறேனே.

சட்டையைக் கழற்றினேன்.
ஒன்பது பொத்தான்; ஈரத்தில் விரல் வழுக்கியது.
அவள் அவசரப்படவில்லை.
மடித்துப் பலகைக்கடியில் வைத்தேன்.
பனியனோடு நின்றவனைக் கொசு மொய்த்தது.

முதலில் தையல் இயந்திரத்தை நீட்டினாள்.
அப்புறம் கால் கட்டிய சேவல்.
அப்புறம்தான் அவள்,
என் கையைத் தொடாமல்
படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

பாதி வழியில், மோட்டார் இரைச்சலுக்கு மேல்:
"கடல் இதைவிடப் பெரிதா?"
"அப்படித்தான் சொல்கிறார்கள்."
மூழ்கிய ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
"அப்படியானால் வேண்டாம்."
சேவல்கூட வாய் திறக்கவில்லை.

படிவம் நிரப்பினேன்.
மீட்கப்பட்டவர்: ஒருவர்.
உடைமை: தையல் இயந்திரம், சேவல்.
மீட்டவர் முழுச் சீருடையில் இருந்தாரா?
ஆம் என்று எழுதினேன்.

சட்டையை உதறியபோது பொத்தான் எட்டுத்தான்.
தெறித்து விழுந்ததா, அவள் எடுத்தாளா,
தெரியாது. சரக்கறைக்குப் புதிது கேட்டு
எழுதிப் போடவும் இல்லை.

மார்ச் அணிவகுப்புக்குமுன்
அதிகாரி வரிசையைப் பார்வையிட்டு வந்தார்.
என் நெஞ்சில் வெற்றிடத்தை
விரலால் தட்டினார்.
"எங்கே போயிற்று?"
"தண்ணீரில், ஐயா."

எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.